தலைக்கு அறுநூற்றிருபது துளை

திருநாவலூர் பிச்சைமுத்து வீரமுத்து. பிறப்பு 1962. அரசுப் பணி 1986 முதல் 2022 வரை. முறைப்படுத்தும் பணி, நினைவு தெரிந்த நாள் முதல் இன்று வரை.

மனிதர்களில் முறைப்படுத்துவோர் என்றொரு வகையினர் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர்கள் அல்லர். கல்யாண மண்டபத்தில் ஆட்கள் தாமாகவே உட்கார்ந்து, இலை தானாகவே விழுந்து, சாம்பார் வாளி நல்லபடியாக நகர்ந்துகொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ ஒருவர் தோன்றி, இந்த வரிசையினர் எழுந்து அந்த வரிசைக்குப் போகவும், அந்த வரிசையினர் அடுத்த பந்திக்குப் பொறுத்திருக்கவும் ஏற்பாடு செய்து, சாம்பாருக்கு முன்பே மோர் வந்து சேரும்படி செய்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் மட்டும் வரலன்னா இன்னா ஆயிருக்கும்" என்று கேட்பாரே, அவர்தான். அவரை அழைத்தது யார்? யாருமில்லை. அழைக்காமல் வருவது இவ்வகையின் முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம் ஒரு வாக்கியம். "இதுக்கு ஒரு முறை வேணாமா?" பிள்ளை பிறந்த வீட்டிலும் கேட்பார்கள், இழவு வீட்டிலும் கேட்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் நான்கு பேர் நின்றால், ஐந்தாவது ஆளாக நிற்க இவர்களுக்கு மனம் வராது. நால்வரையும் உயரப்படி நிறுத்திப் பார்க்கக் கை துடிக்கும். ஃபிரிட்ஜில் இருக்கும் தேங்காய் மூடியின்மேல் உடைத்த தேதியை எழுதி ஒட்டுவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கம் ஏழரை மணிக்குமேல் செல்லாது என்று அறிவிப்பார்கள். இவர்கள் கைபட்ட வேலை முன்பைவிட அழகாகத் தெரியும். முன்பைவிட மெதுவாக நடக்கும். இது மூன்றாவது அடையாளம்.

வீரமுத்து முத்திரை ஆய்வாளராக இருந்தவர். கடைத்தெருவிலும் சந்தையிலும் உள்ள தராசுகளையும் எடைக்கற்களையும் ஆண்டுக்கொரு முறை சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. தேய்ந்த கல்லைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், தராசில் வைக்கும் முன்பே, எத்தனை கிராம் குறைகிறது என்று சொல்லிவிடுவார் என்பது கச்சிராயபாளையம் சந்தை வரைக்கும் பேச்சு. அதில் பொய்யில்லை. அவரை யாரும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கூட வளைத்ததில்லை. முறைப்படுத்துவோர் பெரும்பாலும் நேர்மையானவர்கள். அதனால்தான் அவர்களிடமிருந்து தப்ப வழியே இல்லாமல் போகிறது.

2022 ஜூன் 30 மாலை, ஒரு சால்வையோடும் ஒரு சுவர்க் கடிகாரத்தோடும் அவர் ஓய்வுபெற்று வீடு திரும்பினார். ஜூலை 1 காலை, மாடிப்படி ஏறினார். மாடியில் மருமகள் கோகிலவாணி பொம்மைக்கு முடி நட்டுக்கொண்டிருந்தாள்.

அது என்ன வேலை என்று கேட்பீர்கள். கடைகளில் தொங்கும் ரப்பர் பொம்மைகளுக்குச் சோளக் கதிரின் நாரைப் போன்ற முடி இருக்கும். அப்படிப்பட்ட முடியோடு கள்ளக்குறிச்சியில் யாரும் பிறப்பதில்லை. கோகிலவாணி மொட்டைத் தலைப் பொம்மைகளை வரவழைத்து, முகம் எழுதி, கேட்பவர் அனுப்பும் குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்து அதே முடியை வைத்துக் கொடுப்பாள். நாம் கருப்பு என்று சொல்லும் முடி வெறும் கருப்பாக இருப்பதில்லை. வெறும் கருப்பு இழையை மட்டும் நட்டால் பொம்மை தலைக்கு டோப்பா மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். ஆகவே இரண்டு மூன்று நிற நைலான் இழைகளைச் சேர்த்து, ஆணிகள் நெருக்கமாக அடித்த பலகையில் போட்டு இழுத்து இழுத்து, எது எந்த நிறமென்று தெரியாமல் போகும்வரை கலக்க வேண்டும். பிறகு ஒரு துளைக்கு இருபது இழை வீதம் ஊசியால் தலைக்குள் இறக்க வேண்டும். ஒரு தலைக்கு இரண்டு நாள் பிடிக்கும். எல்லாம் முடிந்தபின் கழுத்து வழியாக உள்ளே பசையை ஊற்றுவார்கள். பசை காய்ந்துவிட்டால் அந்தத் தலையில் யாராலும் எதையும் மாற்ற முடியாது.

இந்த வேலையில் கோகிலவாணிக்கு வாய்த்த கை, கருணாபுரத்துச் செவ்வந்தி. நாற்பது வயது. அதற்கு முன் நாற்று நட்டவள். கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். பொம்மைக்கு முடி வைப்பதையும் அவள் நடவு என்றுதான் சொல்வாள். இழைகளின் நிறங்களுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள்: காப்பிப்பொடி, நாவப்பழம், வெல்லப்பாகு, துருப்புடிச்ச ஆணி. ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "பத்து கருப்பு, மூணு காப்பிப்பொடி, ஒரு நாவப்பழம்" என்பாள். கலந்து பார்த்தால் அந்தப் பிள்ளையின் தலை அப்படியே வந்து நிற்கும்.

வீரமுத்து அன்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுக்கு ஒரு முறை வேணாமா?"

முறை வந்தது. முதலில் பெயர்கள் போயின. ஒவ்வொரு நிறத்துக்கும் எண் வந்தது. ஒரு வாரம் கழித்து அவர் ஒரு கற்றையைத் தூக்கிக் காட்டினார்.

"செவ்வந்தி, இது இன்னா கலர்?"

"நாவப்பழம் சார்."

"அப்பிடிச் சொல்லக் கூடாது. மூணு பை நாலு."

"சரி சார். மூணு பை நாலு எப்பிடி சார் இருக்கும், மறந்துபோச்சின்னா?"

அவர் கற்றையைத் திருப்பிப் பார்த்தார். "நாவப்பழம் மாதிரி இருக்கும்."

அடுத்து நகைக்கடைத் தராசு வந்தது. எடை போடும்போது இழை பறக்கக் கூடாதென்பதால் மின்விசிறி நின்றது. சித்திரை வெயிலில் அந்த மாடியறையில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் அறியவில்லை. அவர் எடையைச் சொல்லிவிட்டுக் கீழே வந்துவிடுவார். கீழே அவர் மனைவி அமிர்தம் இருந்தாள். மிளகாய்த்தூள் டப்பாவின்மேல் "மிளகாய்த்தூள்" என்று எழுதி, அதன் கீழ் அவர் சுருக்கொப்பமிட்டதைத் திருமணமான ஆண்டு முதல் பார்த்துவருபவள்.

ஒரு நாள் செவ்வந்தி வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னபோது, அமிர்தம் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஆலோசனை சொன்னாள்.

"அவர எதுத்துப் பேசாதடி. சரிங்கன்னு சொல்லிடு. சொல்லிட்டு ஒன் இஷ்டத்துக்குப் பண்ணு. முப்பத்தஞ்சு வருசமா நான் அதான் பண்ணிக்கினு இருக்கேன். எந்தக் கொறையும் இல்ல."

இப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடின. 2024 நவம்பரில் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது.

கொண்டுவந்தவர் பாரதி அம்மையார். கல்வராயன் மலையில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளிமலையில் பெண்கள் குழு ஒன்றுக்காகத் தேனும் மிளகும் சாமையும் விற்கும் கடையை நடத்துகிறார். கடைமுகப்பில், கும்மி அடிக்கும் பன்னிரண்டு பெண் பொம்மைகளை வட்டமாக நிறுத்த வேண்டும். கோடை விழாவுக்கு மலைக்கு வருகிற கூட்டம் நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு தலைக்கும் ஒரே முடி, நீளப் பின்னல், கனகாம்பரம். ஒரு தலை வேறுபட்டாலும் வட்டம் கெட்டுவிடும். அப்படியானால் பன்னிரண்டும் வேண்டாம். எல்லாம் சரியாக அமைந்தால், விற்பனைக்கு மேலும் ஐம்பது.

"அம்பது வந்துச்சின்னா வருசம் முழுக்க நெழல்ல வேல" என்றாள் செவ்வந்தி. "இல்லாங்காட்டி நான் மறுபடியும் செங்கல்லுதான் வாணிம்மா."

"எனக்கும் துணிக்கட கவுண்டர்ல நிக்கிற வேலதான் செவ்வந்திக்கா" என்றாள் கோகிலவாணி.

வீரமுத்து அன்றிரவு உண்ணும் முன்பே ஓர் ஒப்பந்தத்தைத் தயாரித்துவிட்டார். எட்டுப் பத்திகள். எட்டாவது பத்தி இவ்வாறு சொல்லிற்று: "ஒவ்வொரு தலையிலும் அறுநூற்றிருபது துளைகளில் முடி நடப்பட்டிருக்கும். வாங்குபவர் விரும்பினால் அவற்றை வரிசைப்படி எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்." கோகிலவாணி படிக்காமல் கையெழுத்திட்டாள். பொம்மையின் தலையில் துளை எண்ண யார் வரப்போகிறார்கள்?

இத்துடன் அவர் நிற்கவில்லை. ஒப்புக்கொண்ட கலவையில் ஒரு கற்றை எடுத்து இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் அரக்கு முத்திரை வைத்து, ஒன்றைப் பாரதி அம்மையாரிடம் கொடுத்தார். மற்றதற்கு மூலக்கற்றை என்று பெயரிட்டு, எல்லாரும் எப்போதும் பார்க்கும்படி, மாடியறையில் மேற்குச் சன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். இனி எந்தக் கலவையானாலும் இதனோடு ஒப்பிட்டு, இதனோடு பொருந்தினால்தான் நடவு. அதை யாரும் தொடக் கூடாது, அவரும் தொடவில்லை. தொட்டது ஒன்றே ஒன்றுதான். தினமும் பிற்பகல் மூன்று மணிக்குச் சன்னல் வழியாக உள்ளே வந்து, ஐந்தரை மணிவரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்த கள்ளக்குறிச்சி வெயில்.

சனவரியில், செவ்வந்தி கலந்த கலவை மூலக்கற்றையைவிடச் சற்றுக் கருப்பாகத் தெரிந்தது. வீரமுத்து காப்பிப்பொடியைக் கூட்டச் சொல்லி முதலாம் திருத்தம் வெளியிட்டார். பிப்ரவரியில் இரண்டாம் திருத்தம். மார்ச்சில் மூன்றும் நான்கும். மார்ச் கடைசியில், ஐந்தாம் திருத்தத்தில், வெல்லப்பாகு சேர்ந்தது. ஏப்ரலில், ஆறாம் திருத்தத்தில், துருப்பிடித்த ஆணியும் சேர்ந்தது.

"சார், இது செம்பட்ட சார்" என்றாள் செவ்வந்தி. "எம் பொண்ணு தல இப்பிடி இருந்தா நான் எண்ண வெச்சிச் சீவாம வெளிய அனுப்ப மாட்டேன்."

"எனக்கு உம் பொண்ணு தல அளவு இல்ல. மூலக்கற்றைதான் அளவு."

"அது வெயில்ல தொங்கிக்கினு கீது சார்."

"முத்திரை உடையாம இருக்குதா?"

"கீது சார்."

"அப்பறம் இன்னா?"

செவ்வந்திக்கு அமிர்தத்தின் ஆலோசனை நினைவிருந்தது. "சரிங்க சார்" என்றாள். முதலாம் திருத்தத்திலிருந்தே, அவர் சொன்ன கலவையில் அவள் ஒரே ஒரு கற்றை செய்து ஆணிப்பலகைக்கு அருகில் வைத்திருந்தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதில் கொஞ்சம் சிவப்பு ஏற்றிக்கொள்வாள். மாலை ஐந்து மணிக்கு வீரமுத்து வருவார், கற்றையைச் சுவரில் உள்ளதோடு சேர்த்துப் பார்ப்பார், பொருந்தும், கையொப்பமிடுவார். பொம்மைகள் அட்டைப் பெட்டியில் துணி சுற்றி உறங்கின. அவற்றின் தலையில் பத்துக் கருப்பு, மூன்று காப்பிப்பொடி, ஒரு நாவப்பழம், நவம்பரில் இருந்தபடியே இருந்தது. ஒரு முழு அலுவலகமே ஒரு முழம் முடியைச் சோதித்துக்கொண்டிருக்க, வேலை பக்கத்தில் ஒழுங்காக நடந்தது. இப்படியோர் ஏற்பாட்டை வேறெங்கும் பார்த்ததில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

2025 ஏப்ரல் 23. பாரதி அம்மையார் பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாகத் தகவல். காலை ஒன்பது மணிக்குக் கோகிலவாணியும் செவ்வந்தியும் துணிக் கனகாம்பரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். வீரமுத்து மாடிக்குப் போனார். பொருள் வெளியேறும் முன் இறுதிச் சோதனை ஒன்று வேண்டாமா?

பெட்டியைத் திறந்து, பன்னிரண்டாம் பொம்மையை எடுத்துச் சுவரருகே கொண்டுபோனார். பொருந்தவில்லை. பொம்மை கருகருவென்று இருந்தது. மூலக்கற்றை பழைய தென்னந்துடைப்பத்தைப் போல் இருந்தது. வேறு யாராவது இருந்தால் துடைப்பத்தைச் சந்தேகித்திருப்பார்கள். அவர் முத்திரையைப் பார்த்தார். உடையவில்லை. ஆகவே பொம்மையைச் சந்தேகித்தார்.

கலவையின் விகிதத்தை அறிய ஒரே வழி, இழைகளை நிறம் பிரித்து எண்ணுவது. முன்நெற்றியில், வாங்குபவரின் கண் முதலில் விழும் இடத்தில், நூறு இழைகளை அடியோடு கத்தரித்து, வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். எழுபத்தொன்று கருப்பு, இருபத்திரண்டு காப்பிப்பொடி, ஏழு நாவப்பழம். நம்ப முடியவில்லை. ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யலாமா? இன்னொரு நூறு கத்தரித்தார். எழுபத்திரண்டு, இருபத்தொன்று, ஏழு. மூன்றாவது நூறு. நான்காவது நூறு. ஒவ்வொரு முறையும் ஆறாம் திருத்தத்தைத் தேடினார். ஒவ்வொரு முறையும் நவம்பர்தான் வந்தது. பதினோராவது நூறை எண்ணி முடித்து நிமிர்ந்தபோது மணி பதினொன்று. பொம்மையின் நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது. பன்னிரண்டாம் கும்மிப் பெண் அப்போது ஏறக்குறைய வீரமுத்துவைப் போலவே இருந்தாள்.

கடைத்தெருவிலிருந்து திரும்பிய கோகிலவாணி மாடியறை வாசலில் நின்று பார்த்தாள். "மாமா" என்றாள்.

செவ்வந்தி அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், திருப்பதி வேண்டுதலா?"

வீரமுத்து தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்துக்கு மூணு, ஒண்ணு. மொதல்ல எழுதினது. நீ மாத்தவே இல்ல."

"இல்ல சார்."

"அஞ்சு மாசமா?"

"அஞ்சு மாசமாத்தான் சார்."

"தெனம் சாயங்காலம் ஒண்ணு காட்டினியே."

"அது ஒங்களுக்குன்னு தனியா வெச்சிருந்தது சார்."

அவர் எழுந்து சுவரருகே போனார். மூலக்கற்றையை ஆணியிலிருந்து இறக்கி, முத்திரையைத் தாமே உடைத்தார். முத்திரைக்குக் கீழே, அரக்கு மறைத்திருந்த இடத்தில், அரை அங்குல நீளத்துக்கு இழைகள் நவம்பரின் கருப்பிலேயே இருந்தன. மீதி முழுவதும் செம்பட்டை.

"எடக்கல்லு தேயும்" என்றார். "அதுக்குத்தான் வருசா வருசம் சோதிக்கிறது. ஊரு கல்ல எல்லாம் சோதிச்சேன். இத நான் ஒரு தபா கூட சோதிக்கல."

இவ்வகையினர் வாழ்நாளில் ஒருமுறை இப்படிப் பேசுவதுண்டு. அந்த நேரத்தில் யாரும் அதை ரசிக்கும் நிலையில் இருப்பதில்லை. நான்கு மணி நேரத்தில் ஒரு தலை வேண்டும். முழுத் தலைக்கு இரண்டு நாள் வேண்டும்.

"இதே தலையில முன்னாடி மட்டும் நட்டா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"பச ஊத்தின தல வாணிம்மா. ஊசி எறங்காது." செவ்வந்தி பெட்டியைக் கிளறினாள். முகம் எழுதிய மொட்டைத் தலை ஒன்று மீதியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பின்னல்தான? முன்நெத்தி ஒரு வரிச, வகிட்டுக்கு ரெண்டு வரிச, பின்கழுத்துல ஒரு வரிச. உச்சியில ஒரு கத்த நட்டுப் பின்னலு போட்டு, சுத்திப் பூவ வெச்சிடுவோம். நூத்தி எம்பது தொளையில முடிச்சிடலாம்."

"மிச்சம்?" என்று கேட்டார் வீரமுத்து.

"மிச்சம் மொட்ட சார்."

"நானூத்தி நாப்பது தொளை கம்மியா வருது."

"பூவுக்கு அடியில யாரு சார் பார்க்கப்போறா?"

"எண்ணினா?"

செவ்வந்தி ஊசியில் இழையைக் கோத்தாள். "பொம்மையப் புடிச்சிக்கினு தொளை எண்ற ஆளு ஒலகத்துலயே ஒருத்தருதான் சார் இருக்காரு. அவரு இங்கயே குந்திக்கினு இருக்காரு."

கோகிலவாணி மின்விசிறியைப் போட்டாள். யாரும் அதை அணைக்கவில்லை. வீரமுத்துவிடம் இழைகளை இருபது இருபதாகப் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். அதை அவர் மிகத் திறமையாகச் செய்தார். இரண்டே முக்காலுக்குப் பன்னிரண்டாம் பெண் கனகாம்பரம் சூடி, மற்ற பதினொருவரோடு வட்டத்தில் நின்றாள். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பின்னலைத் தூக்கிப் பார்த்தால் வழுக்கை.

சரியாக மூன்று மணிக்குப் பாரதி அம்மையார் வந்தார். சூடத் தகர டப்பாவில், அதற்குள் ஓர் உறையில், உறைக்குள் பட்டுத் தாளில், தமது கற்றையைக் கொண்டுவந்திருந்தார். உறையின்மேல் பெற்றுக்கொண்ட நாளும் நேரமும் எழுதி ஒப்பமிட்டிருந்தார். கற்றையை ஒவ்வொரு பொம்மையின் தலையோடும் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டும் பொருந்தின.

பிறகு அவர் கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார். கூடவே ஒரு பூதக்கண்ணாடியையும், கம்பளி பின்னும் ஊசி ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எட்டாவது பத்திங்க" என்றார். "தொளை எண்ணிக்கை. யாருங்க இத எழுதினது? நான் எத்தனையோ ஒப்பந்தம் பார்த்திருக்கேன். இவ்ளோ ஒழுங்கா ஒண்ணு பார்த்ததில்லைங்க."

செவ்வந்தி வீரமுத்துவைப் பார்த்தாள். உலகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"எனக்கு அஞ்சு பத்துக்கு வெள்ளிமலை வண்டி" என்றார் அம்மையார். "அதுக்குள்ள முடிஞ்ச மட்டும் எண்ணிடலாங்க. கடைசியில இருந்து ஆரம்பிப்போம். நோட்டு திருத்தறப்பவும் நான் கடைசி நோட்டத்தான் மொதல்ல எடுப்பேன். அவசரமா முடிச்சதெல்லாம் அங்கதான் இருக்கும்." பன்னிரண்டாம் பொம்மையை நோக்கி அவர் கை நீண்டது.

கோகிலவாணியின் கண்ணுக்குத் துணிக்கடை தெரிந்தது. செவ்வந்தியின் கண்ணுக்குச் செங்கல் தெரிந்தது.

"இல்லைங்கம்மா" என்றார் வீரமுத்து. "வரிசைப்படின்னு இருக்குதுங்க. ஒண்ணுல இருந்துதான் எண்ணணும்."

அம்மையார் எட்டாம் பத்தியை மறுபடி படித்தார். முகம் மலர்ந்தது. "ஆமாங்க. நாந்தான் கவனிக்கல." கை திரும்பி, முதலாம் பொம்மையை எடுத்தது.

"இன்னொண்ணுங்க. ஒருத்தரே எண்ணினா அது எண்ணிக்கை ஆவாது. நீங்க ஒரு தடவ, நான் ஒரு தடவ. தனித்தனித் தாள்ல எழுதி, மடிச்சி மாத்திக்கணும். ஒத்துப்போனாத்தான் அடுத்தது."

"அதுதாங்க முறை" என்றார் அம்மையார். அந்தச் சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்ட வீரமுத்து, ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

பிறகு நடந்ததை எப்படி விவரிப்பது? இருவரும் எதிரெதிரே அமர்ந்து, முடியை ஊசியால் விலக்கி, உதடுகள் அசைய எண்ணினார்கள். நடுவில் அமிர்தம் காப்பியோடு வந்து எண்ணிக்கையைக் கலைத்துவிட்டதால், முதலாம் பொம்மையை முதலிலிருந்து எண்ண நேர்ந்தது. தாள்கள் மடிக்கப்பட்டன; மாற்றிக்கொள்ளப்பட்டன; அறுநூற்றிருபது, அறுநூற்றிருபது. கையொப்பம். தாளின் நகல். நகலில் கையொப்பம். இரண்டாம் பொம்மை முடிந்தபோது மணி நான்கு இருபது. மூன்றாம் பொம்மையில் அம்மையாருக்கு அறுநூற்றிருபது வந்தது. வீரமுத்துவுக்கு அறுநூற்றுப் பத்தொன்பது.

"இன்னொரு தபா" என்றார் அவர்.

மறுபடியும் அறுநூற்றுப் பத்தொன்பது. ஊசியை எப்படிப் பிடிப்பது என்பதில் ஒரு விவாதம் நடந்தது. காது மறைவில் உள்ள துளைகளைத் தனியாக எண்ணிப் பிறகு கூட்டுவதா, சேர்த்தே எண்ணுவதா என்பதில் இன்னொன்று. மணி ஐந்தாயிற்று.

"வண்டி போயிடும்" என்று எழுந்தார் அம்மையார். "முடி நல்லாயிருக்குதுங்க. எனக்குத் திருப்தி. ஐம்பதுக்கும் ஆர்டர எழுதிக்கோம்மா வாணி. மிச்சம் பத்தையும் நான் கடையிலயே நிதானமா எண்ணிக்கிறேங்க."

கோகிலவாணிக்கு மறுபடி துணிக்கடை தெரிந்தது.

"தனியா எண்ணினா செல்லாதுங்க" என்றார் வீரமுத்து. "நான் அங்க வரேன். மூணாவது தீர்ந்தப்பறம்தான் நாலாவது."

"அது சரிதாங்க" என்றார் அம்மையார். முறைப்படுத்துவோரைத் தடுக்க வல்லது உலகில் ஒன்றே ஒன்றுதான். அது இன்னொரு முறை.

ஆட்டோ பேருந்து நிலையத்தை நோக்கிப் போனதும் செவ்வந்தி படியில் உட்கார்ந்து சிரித்தாள்; சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முப்பத்தாறு ஆண்டுக்காலம் பிறருடைய வேலையை நிறுத்திவைத்த ஒரு கலை, முதன்முறையாக ஒரு வேலையைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் வேண்டுமென்றே செய்தாரா, வழக்கம்போல் இருந்தாரா? மூன்றாம் தலையை நட்டவள் செவ்வந்தி. அதில் அறுநூற்றிருபதும் இருக்கிறது என்று அவள் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வாள். கோகிலவாணி நேராகவே கேட்டாள்.

"மாமா, வேணும்னேதான ஒண்ணக் கொறச்சீங்க?"

"எண்ணிக்கையில அப்பிடியெல்லாம் பண்ணக் கூடாதும்மா" என்றார் அவர், பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தராசு முள்ளின் முகத்தில் என்ன இருக்கும்?

ஐம்பது பொம்மைக்கான ஒப்பந்தத்தைக் கோகிலவாணியே எழுதினாள். ஒரே பத்தி. அதில் துளை என்ற சொல் இல்லை. செவ்வந்தி இப்போது மேலும் இருவருக்கு நடவு பழக்குகிறாள். மின்விசிறி ஓடுகிறது. கல்வராயன் மலையில் பன்னிரண்டு பெண்கள் கும்மியடிக்கிறார்கள். பன்னிரண்டாமவளின் பின்னலை இதுவரை யாரும் தூக்கவில்லை. மூன்றாமவளின் வழக்கு தீரும்வரை தூக்கவும் மாட்டார்கள். அவ்வழக்கு தீராமலிருக்க இரண்டு நேர்மையான மனிதர்கள் பாடுபட்டுவருகிறார்கள்.

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரித்திருப்பீர்கள்; நல்லது. ஆனால் அடுத்த வரியில் வரும் தேதிக்கு அந்தக் கிழமைதானா என்று பார்க்க உங்கள் கை நாள்காட்டியின் பக்கம் போகுமானால், எதற்கும் வீட்டிலுள்ளவர்கள் உங்களிடம் தினமும் காட்டுவதைக் கொஞ்சம் சந்தேகியுங்கள்.

வீரமுத்து கடைசியாக வெள்ளிமலைக்குப் போய் மூன்றாம் பொம்மையை எண்ணி, அறுநூற்றுப் பத்தொன்பது என்று எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த வண்டியில் திரும்பியது: 2025 ஜூன் 11, புதன்கிழமை.